சாப்பிட்டாச்சு

தட்டை எடுக்க வந்த ஆஸ்பத்திரி ஆயா திரைக்கு வெளியே நின்றபடியே கேட்டாள். "சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு," என்றேன், வாயில் மிச்சமிருந்த முட்டையை அவசரமாக விழுங்கிவிட்டு.

பொய் இல்லை. யார் சாப்பிட்டது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நம் பேச்சில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. ஆளே இல்லாமல் காரியம் முடிந்துவிடும். வழித்துத் துடைத்த தட்டைப் பார்த்து அவள் சந்தோஷமாகப் போனாள். கட்டிலில் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தார்.

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்குச் சோற்றைக் கண்டாலே குமட்டல். சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் விடுவார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர் வாய் சும்மா இராமல் சொல்லிவைத்தார். என் வீட்டுக்காரருடைய அண்ணன் அந்தக் குழாயோடுதான் போய்ச்சேர்ந்தார். அதைக் கேட்ட அன்றைக்கே இவர் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "குழாய் மட்டும் வேண்டாம்டி. நீ சாப்பிட்டுடு, யாருக்குத் தெரியப்போகுது?" ஒரு வேளைதானே என்று சாப்பிட்டேன். அடுத்த வேளையும் தட்டு வரும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

இப்போது எனக்கு ரவிக்கை இறுக்கிப் பிடிக்கிறது. அவர் மோதிரம் தானாகக் கழன்று போர்வைக்குள் விழுகிறது. ஆபரேஷன் புண் ஆறவே இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு ஏன் ஆறவில்லை என்று டாக்டர்களுக்குக் குழப்பம். ரத்தம் எடுக்கிறார்கள், எங்கெங்கோ தள்ளிக்கொண்டு போய்ப் படம் எடுக்கிறார்கள். ஊசி குத்தும்போதெல்லாம், சொல்லிவிடாதே என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அவர் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். சொன்னால் சத்தியம் போய்விடும், சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவார்.

மறுநாள் மதியம் தட்டோடு வந்தது ஆயா இல்லை, டயட்டீஷியன் பெண். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா எடை இறங்கிட்டே போகுது. தட்டு மட்டும் காலியா வருது. இதை யாரும்மா சாப்பிடறது?"

நான் இறுகிய ரவிக்கையை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"குழாய்னா பயப்படாதீங்க. உடம்பு தேறினதும் எடுத்துடலாம். ஆனா எனக்கு உண்மை தெரியணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நான்தான் சாப்பிடறேன். வேற யாரு?" தட்டை இழுத்து ஒரு கரண்டி சோற்றை வாயில் போட்டுக்கொண்டார்.

அவள் முகம் மலர்ந்தது. "அப்படித்தான். முழுங்குங்க."

அவர் கன்னம் உப்பியிருந்தது. கண் என் மேலேயே இருந்தது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். அவர் தொண்டை அசையவே இல்லை. பழக்க தோஷம், விழுங்கியது என் தொண்டைதான்.

அந்தப் பெண் அவரை விட்டுவிட்டு என் கழுத்தைப் பார்த்தாள்.