கபிரியேல் அத்தானின் பாதம்

ஈஸ்டருக்கு முந்தின அந்தப் பெரிய வியாழக்கிழமை மழை பெய்ததா என்பதில் எனக்கு இப்போது நிச்சயம் இல்லை. பெய்ததாகத்தான் நினைவு. என் அக்கா செபமாலையம்மாள், மழை முந்தின நாளே பெய்துவிட்டது, வியாழக்கிழமை பாதையில் தேங்கிக் கிடந்த தண்ணீர்தான் என்கிறாள். அக்காவின் கணவர் கபிரியேல் அத்தானைக் கேட்டால் அந்த வாரமே மழை இல்லை என்று சாதிப்பார். அப்படிச் சொல்ல அவருக்குக் காரணம் இருக்கிறது. நான் மழை பெய்ததாகவே வைத்துக்கொள்கிறேன். கால் நனையாமல் மற்றதெல்லாம் நடந்திருக்க முடியாது. மற்றதெல்லாம் நடந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் அத்தான் சூப்பர்வைசர். நான் அதே தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருக்கிறேன். அடுப்புக்கு விறகைத் தள்ளிவிட்டுப் புத்தகத்தோடு உட்காரலாம். யாரோடும் பேச வேண்டியதில்லை. அத்தானுக்குப் பேச்சே வேலை. வருஷம் முழுக்க முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, அட்டைக்கும் சேற்றுக்கும் நடுவில் நின்று, ஆட்களை ஏசிக்கொண்டிருப்பார். அவருடைய வெறும் காலை வீட்டுக்கு வெளியே பார்த்தவர்கள் குறைவு.

அந்த வருஷம்தான் கோவிலில் பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். என்னையும் சேர்த்திருந்தார்கள், ஆள் குறைந்ததால் இருக்கும். இயேசு சீடர்களின் காலைக் கழுவியதைப் போல சாமியார் குனிந்து ஒவ்வொருவரின் வலது காலையும் கழுவித் துடைத்து முத்தமிடுவார். எங்கள் ஊரில் இதற்கு ஒரு தயாரிப்பு உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வாரம் முழுக்கக் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். படிக்கல்லில் உரசுவார்கள், பித்தவெடிப்புக்கு மருந்து போடுவார்கள். ஒருமுறை ஒருவர் பூப்பாறையில் பியூட்டி பார்லருக்கே போய் வந்தார். சாமியார் வரும்போது கழுவுவதற்கு அந்தக் காலில் எதுவும் மிஞ்சியிருக்காது. அத்தானும் தேய்த்தார். மற்றவர்களைவிட அதிகமாகவே தேய்த்தார்.

கால் சுத்தமாகிவிட்டது. அதை ரப்பர் பூட்ஸில் நுழைத்துக்கொண்டு கோவிலுக்கு எப்படிப் போவது என்பதுதான் அவருடைய கவலை. அந்தக் கவலை ஜின்சன் காதுக்கும் போனது.

ஜின்சன் தேவிகுளம் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்த பையன். கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை. அவனும் அத்தானின் மகள் சோனாவும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். அத்தான் முடியாது என்று சொல்லிவிட்டார். "ஊரு பூரா கால்ல மாட்டுறதச் செய்யுறவனுக்கா எம் மகளக் குடுப்பேன்?" என்பதுதான் அவர் சொன்ன காரணம். கம்பத்திலிருந்து, குவைத்தில் வேலை பார்க்கும் ஒரு பையனின் வீட்டார் ஈஸ்டர் கழிந்ததும் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் அத்தான் மனசு மாறினால் உண்டு.

குளித்துவிட்டு வரும் அப்பாவின் ஈரக்கால் சிமெண்டுத் தரையில் பதிந்ததும், சோனா பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்து ஜின்சனுக்கு அனுப்பினாள். புதன்கிழமை சாயங்காலம் அவன் ஒரு ஜோடி ஷூவோடு வந்து நின்றான்.

அத்தான் அதைக் கையில் வாங்கவில்லை. பார்த்தார். தேன் நிறத்தில், மினுக்கம் இல்லாமல், அழகாகத்தான் இருந்தது.

"கம்பெனிச் சரக்கா?"

"இல்ல மாமா. நானே கையால தச்சது."

"மாமான்னு கூப்பிட இன்னும் கோவில்ல கல்யாண ஓலை வாசிக்கல. சொல்லு."

ஜின்சன் சொன்னான். தோலைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவனுக்குக் கூச்சம் போய்விடும். "கம்பெனிக்கு வர்றது குரோம் உப்புல பதப்படுத்துன தோலு. அதுலயும் பாதி, தோல ரெண்டாச் சீவி எடுத்த அடிப்பக்கம். மேல பிளாஸ்டிக் மாதிரி ஒரு பூச்சு இருக்கும். தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா அது என்ன தோலு? உயிரே இல்ல. இதப் பாருங்க. மேல கன்னுக்குட்டித் தோலு, சீவாத முழுத்தோலு. முடி இருந்த கண்ணு கூடத் தெரியும். உள்ள வெள்ளாட்டுத் தோலு. மெத்துன்னு இருக்கும், வேர்வைய அதுவே குடிச்சிரும், சாக்ஸ் வேண்டாம். அடிக்கு எருமைத் தோலு, தேயாது. மூணையும் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டு ஊற வச்சது. சாயம் இல்ல, கெமிக்கல் இல்ல. ஆணி கூட அடிக்கல, எல்லாம் நூலுதான். ஒரு கொழப்பமும் வராது."

"மாடு, ஆடு, எருமை" என்று அத்தான் எண்ணினார். "கிறிஸ்துமஸ் குடில் மாதிரி எல்லாத்தையும் கொண்டாந்துட்ட. கழுதயத்தான் காணோம்."

"நீங்க கால உள்ள விடுங்க, அதுவும் வந்துரும்" என்றாள் அக்கா.

சோனா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அத்தான் காலை உள்ளே விட்டார். எழுந்து நின்றார். வாசல் வரை நடந்து திரும்பினார். அவருடைய முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து, வந்ததை அவர் கவனித்து, போய்விட்டது.

"நாளைக்கு ஒரு நாளு போட்டுப் பாக்கேன். அதுக்காக வேற எதையும் மனசுல வச்சுக்காத."

ஜின்சன் அதையே பெரிய வரமாக எடுத்துக்கொண்டு தேவிகுளத்துக்கு பஸ் ஏறினான்.

மறுநாள் சாயங்காலம் நாங்கள் இருவரும் தோட்டத்திலிருந்து கோவிலுக்கு இறங்கினோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தேன் நிற ஷூ. நான் நினைவில் வைத்திருக்கும் மழை அப்போதுதான் பிடித்தது. ஒதுங்க இடமில்லை. பாதை ஓடையாகிவிட்டது. ஷூவுக்குள் தண்ணீர் போய்ச் சளக் சளக்கென்று சத்தம் கேட்டது. "அசல் தோலுல்ல, காஞ்சிரும்" என்றார்.

கோவில் வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி செருப்புகளுக்கு நடுவில் ஷூவைக் கழற்றி வைத்தார். பிறகு காலைப் பார்த்தார். இரண்டு பாதமும் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருந்தன. வாரம் முழுக்கத் தேய்த்த கால். பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த குழாய்க்கு ஓடினார்.

எங்கள் கோவில் குழாயில் வருவது பாறையைத் துளைத்து எடுத்த தண்ணீர். வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் அடியில் துரு படிந்திருக்கும். அந்தத் தண்ணீர் பட்டதும் கட்டன்சாயா நிறம் சாம்பலாகியது. அவர் தேய்த்தார். சாம்பல் கறுத்தது. இன்னும் தேய்த்தார். பேனா மையில் முக்கி எடுத்ததுபோல ஆகிவிட்டது.

"மாப்ள, இது என்னடா?"

"தெரியல அத்தான்."

"தேய்க்கத் தேய்க்கக் கறுக்குதுடா."

"அப்ப தேய்க்காதீங்க."

"தேய்க்காம இத அப்படியே சாமியார் கையில குடுக்கவா?"

உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எங்கள் பங்குச்சாமியார் கோட்டயம் பக்கத்துக்காரர், இளவயசு. மலையாளம் கலந்த அரைத் தமிழில் அழகாகப் பூசை வைப்பார். சடங்கு நேரம் வந்ததும் பூசை மேலாடையைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தாம்பாளத்தோடு வரிசையாக வந்தார். ஒவ்வொரு காலிலிருந்தும் தண்ணீர் வந்தபடியே தெளிவாக வடிந்தது. குழாயில் கழுவிவிட்டு வந்த என் காலிலிருந்தும் அப்படியே. அடுத்து அத்தான். அவர் காலை நீட்டாமல் இருந்தார். சாமியார் காத்திருந்தார். கடைசியில் அத்தான் நீட்டினார்.

தண்ணீர் ஊற்றியதும் தாம்பாளத்தில் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. பிறகு தாம்பாளம் முழுக்கக் கறுத்தது. முன்வரிசைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பாட்டுக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். சாமியார் நிமிர்ந்து அத்தானின் முகத்தைப் பார்த்தார். கோவிலில் யாரும் இருமவில்லை. எனக்கு மௌனம் பிடிக்கும். ஆனால் அந்த மௌனத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். சாமியார் குனிந்து அந்தக் கறுப்புக் காலைத் துடைத்து முத்தமிட்டார். துண்டும் கறுத்தது.

"போச்சு மாப்ள" என்று அத்தான் என் காதுக்குள் சொன்னார். "அந்தப் பய என் மானத்த வாங்கிட்டான். பூச முடிஞ்சதும் கம்பத்துக்குப் போன் போடுறேன். ஈஸ்டருக்கே வரச் சொல்லுறேன்."

பூசை முடியும்போது சாமியார் மைக்கைப் பிடித்தார். "பதினோரு பேரோட காலு நான் கழுவறதுக்கு முன்னாடியே சுத்தமாயிருந்நு. கழுவறதுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு சேட்டன் மாத்திரம் வேல செஞ்ச காலோட, உள்ளது உள்ளபடி வந்நு. எல்லாரும் பாக்கும்னு தெரிஞ்சும் வந்நு. தாழ்மைன்னா அதுதான்." மறைக்கல்வி எடுக்கும் ஜோமோள் டீச்சர் அழுதேவிட்டார். மற்ற பதினோரு பேரும் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டோம்.

வெளியே வந்ததும் அத்தானைச் சுற்றி ஒரு கூட்டம். எப்போதும் அவரிடம் ஏச்சு வாங்குகிறவர்களே வந்து கையைப் பிடித்தார்கள். அவர் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மலை ஏறினார். கம்பத்துக்குப் போன் போடவில்லை.

பெரிய வெள்ளி காலையில் ஜின்சன் ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்து சேர்ந்தான். சோனா எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தாள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, காலை முக்காலியில் நீட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜின்சன் அழாத குறை.

"தப்பு என் மேலதான் மாமா. கடுக்காத் தோலு நனைஞ்சா துவர்ப்பு இறங்கும். அதுல இரும்புத் தண்ணி பட்டா மையாயிரும். அந்தக் காலத்துல எழுதுற மை இப்படித்தான் காய்ச்சுவாங்க. உங்க கோவில் தண்ணியப் பத்தி நான் யோசிக்கல. கம்பெனி ஷூவையே கொண்டாந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. எலுமிச்சம்பழம் தேச்சா இப்பவே போயிரும்."

"அந்தப் பையக் கீழ வையி" என்றார் அத்தான். "தேய்க்கச் சொல்லி நான் கேட்டனா?"

"போகணும்ல மாமா?"

"இன்னிக்குச் சிலுவைப்பாதை இருக்கு. ஊரே வரும். பாத்துட்டுப் போகட்டும்."

ஜின்சனுக்குப் புரியவில்லை. அவன் நல்லவன், அதனால்தான் நிலைமை மோசமானது. "வேண்டாம் மாமா. நீங்க கால் கழுவாம வந்தீங்கன்னு ஊருல பேசுறாங்க. நான் இப்பவே சாமியார்ட்டப் போயி, அழுக்கு அவரு கால்ல இல்ல, நான் தச்ச தோல்லதான்னு சொல்லிருதேன். எல்லாரையும் விட அதிகமாத் தேச்சவரு இவருதான்னும் சொல்லுதேன். உங்க பேரக் காப்பாத்தாம நான் கஞ்சிக்கோட்டுக்குப் போக மாட்டேன்." சொல்லிக்கொண்டே வாசலில் இறங்கிவிட்டான்.

"ஏல, நில்லு!"

அத்தான் அப்படிக் கத்தி நான் தோட்டத்தில்கூடக் கேட்டதில்லை. ஜின்சன் நின்றான்.

"உள்ளதச் சொல்லப் போறான், சொல்லட்டுமே" என்றாள் அக்கா, அரிசி புடைத்துக்கொண்டே. "வியாழக்கிழம கால் கழுவுனவரு வெள்ளிக்கிழம பேரக் கழுவிக்கிடட்டும்."

"நீ சும்மா இரு." அத்தான் காலை இறக்கினார். எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"நமக்குத்தான்" என்றேன். "அக்கா, சோனா, நான். பெறகு இவன்."

"நீ வாயத் தொறக்க மாட்ட. இவ என்னைய வீட்டுக்குள்ளதான் கேவலப்படுத்துவா. சோனா எம் மக." விரலை மடக்கி எண்ணினார். "மூணு பேரும் வீட்டு ஆளு. இவன் ஒருத்தன்தான் வெளி ஆளு."

அக்கா புடைப்பதை நிறுத்தினாள்.

"தம்பி, இங்க வா. உக்காரு. வீட்டு விஷயத்த வெளிய போயிச் சொல்லுறது நல்ல குடும்பத்துக்கு அழகா?"

"இல்ல, நான் இந்த வீட்டு…"

"அதத்தான் சொல்லுறேன். ஈஸ்டர் கழிஞ்சு உங்க அப்பா அம்மாவ வரச் சொல்லு. ஓலை வாசிக்கிறத நான் சாமியார்ட்டப் பேசிக்கிடுறேன். இப்ப நான் சொன்னா அவரு தட்ட மாட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆமா, இந்தக் கறுப்பு எத்தன நாளைக்கு நிக்கும்?"

"ரெண்டு மூணு நாள்ல மங்கிரும் மாமா."

"ஈஸ்டர் பூசைக்கு இருக்காதா?"

ஜின்சன் யோசித்தான். தொழில் சம்பந்தமான கேள்வி வந்ததும் அவன் முகம் தெளிந்தது. "சனிக்கிழம ஷூவ நனைச்சுப் போட்டுட்டு, கோவில் குழாய்ல ஒரு தடவ காலக் காட்டுனீங்கன்னா இருக்கும்."

அத்தான் தலையசைத்தார். இந்த முறை "மாமா"வை அவர் திருத்தவில்லை.

எலுமிச்சம்பழத்தை அக்கா ஊறுகாய் போட்டாள்.

ஜின்சனுக்கும் சோனாவுக்கும் மே மாதம் கல்யாணம் நடந்தது. கஞ்சிக்கோட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரு பெண் குழந்தை. அவன் அதே கம்பெனியில் குரோம் தோலில் சேஃப்டி ஷூ செய்கிறான். குவைத் பையனுக்கு உத்தமபாளையத்தில் பெண் அமைந்தது. சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். போன இடத்திலும் அந்தக் காலைப் பற்றிப் பிரசங்கத்தில் சொல்வதாகக் கேள்வி. கபிரியேல் அத்தான் இப்போது கோவில் பங்குப் பேரவையின் துணைத் தலைவர். வருஷா வருஷம் பன்னிரண்டு பேரில் அவர் உண்டு. புதன்கிழமை அந்த ஷூவைப் பரணிலிருந்து இறக்கிப் பூசணத்தைத் துடைத்து, வாளித் தண்ணீரில் ஊறப் போடுவார். சரியாகச் சொன்னால், ஊறப் போடுவது என் அக்காதான். பாதம் கழுவ என்னை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. நான் ஸ்டோரிலேயே இருக்கிறேன்.