தலையில் படிந்த வெள்ளை

மாணிக்கவேலின் ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பின்பக்க இருட்டறையில் அவர் வேட்டி உலர்த்த ஆரம்பித்துவிட்டார். இரண்டாயிரத்து நாலில் போய் எவன் மருந்துத் தண்ணீரில் முக்கிப் படம் கழுவுவான் என்பது அவர் கட்சி.

செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கும் திரௌபதி ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தோடு வந்தாள். இருபத்தாறு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த அவள் புருஷன் காத்தவராயனுக்கு இருந்தது அந்த ஒரே படம்தான். இருவரும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டதே இல்லை.

"நாளன்னிக்கு மவளுக்குக் கண்ணாலம் தம்பி. புள்ளைங்க வுழுந்து கும்புடணும். எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா சேத்துக் குடு."

பழைய பிலிம் கேமராவில் அவளை ஒரு படம் எடுத்துக்கொண்டு, அவர் யோசித்தார். காத்தவராயனின் தலை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். இருட்டறை என்றால் ஒவ்வொன்றாகத் தூரிகையால் மறைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் மௌஸை நகர்த்தினால் தீர்ந்தது. துடைத்துத் தள்ளிவிட்டார்.

மறுநாள் காலை படத்தைப் பார்த்த திரௌபதியின் முகம் சுருங்கிவிட்டது. கருகருவென்ற முடியோடு காத்தவராயன். பக்கத்தில் ஐம்பதை நெருங்கும் நரைத்த தலையோடு அவள்.

"எம் புள்ள கூட நிக்கிற மாரி இருக்குதே. தலையில இருந்த வெள்ள எங்க தம்பி?"

"அது பூஞ்சைக்கா. படம் கெட்டுப்போயிருந்துச்சு."

"பூஞ்சை இல்ல. பீங்கான் மண்ணு மாவு. அவரும் எங்க கம்பெனிலதான் வேல பாத்தாரு. பொண்ணு பொறந்திருக்குதுன்னு கேட்டதும் கம்பெனியிலேருந்து தலையக்கூட தட்டாம ஓடியாந்தாரு. ஆசுபத்திரி வாசல்ல புடிச்ச படம் அது."

செராமிக் கம்பெனியில் வேலை விட்டு வருகிறவர்களின் வெள்ளைத் தலையை மாணிக்கவேல் தினமும் கடை வாசலிலேயே பார்க்கிறார். வெட்கமாகப் போயிற்று. கம்ப்யூட்டர் மேல் பழி போட வாயெடுத்து அடக்கிக்கொண்டார். துடைத்தது அவர் கைதானே?

மறுபடி கம்ப்யூட்டரிலேயே ஏற்றலாம். ஆனால் மௌஸைப் பிடித்தால் அந்தக் கை சும்மா இராது, எதையாவது துடைக்கும். அவர் எழுந்து இருட்டறையில் கிடந்த வேட்டியை எடுத்தார். பழைய படத்தைக் கேமராவில் பிடித்து, பிலிமைக் கழுவிக் காயவைத்து, இரண்டு நெகட்டிவையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக ஏற்றுவதற்குள் மதியமாகிவிட்டது. கையில் படம் கிடைக்காமல் வூட்டுக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவளை உள்ளே கூப்பிட்டார்.

சிவப்பு விளக்கடியில், தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில் வெறும் தாள் மிதந்தது. முதலில் அவனுடைய மீசை கறுத்தது, பிறகு கண்கள். அவள் முகமும் பக்கத்திலேயே எழுந்து வந்தது. இரண்டு தலைகளிலும் வெள்ளை மட்டும் கறுக்காமல் அப்படியே நின்றது.

திரௌபதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் தனியாக இருந்தவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"எங்கூடவே நரைச்சிருக்காரு பாரு தம்பி," என்றாள்.