ஆறட்டும்

அரியலூரில் அந்தத் தெருவுக்கே வேணுகோபால்தான் டாக்டர். படித்து வாங்கிய பட்டமல்ல. சுகாதாரத் துறையில் முப்பது வருஷம் குளோரின் பவுடர் தூவி, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். தெருக்காரர்கள் வாய் தவறி ‘டாக்டர் சார்’ என்றார்கள். அவர் திருத்தவில்லை. வாசல் பலகையில் பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்புச் சிலுவை வேறு வரைந்துகொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மனைவி ஜானகிக்கு வலது விலாவில் அக்கி வந்தது. காவி குழைத்து அக்கி எழுதிவிடச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தார். “விஞ்ஞானம் தெரியாத ஜனங்க” என்று சீறினார் வேணுகோபால். பஸ் ஏறிப் பெரம்பலூர் போய்த் தோல் டாக்டர் பூங்குழலியிடம் காட்டினார்கள். அவர் மாத்திரை எழுதினார். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அக்கி மறுபடி வராமல் தடுக்க ஊசி இருக்கிறது, இரண்டு தடவை போட வேண்டும் என்றும் சொன்னார்.

“இப்ப வேணாம்மா. ஆறட்டும். ஆறினதும் வாங்க.”

அந்த ‘ஆறட்டும்’ என்ற சொல்லை வேணுகோபால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

கொப்புளம் ஒரே மாதத்தில் காய்ந்து பொருக்கு உதிர்ந்துவிட்டது. எரிச்சல் மட்டும் போகவில்லை. ரவிக்கை பட்டால் தணலை வைத்த மாதிரி இருந்தது. ஜானகிக்கு ஒரே பயம்தான். இன்னொரு தடவை வந்தால் தாங்க உடம்பில் தெம்பில்லை.

“என்னங்க, அந்த ஊசியப் போட்டுக்கிட்டு வந்துடலாமா?”

“எரியுதா?”

“எரியுது.”

“அப்ப ஆறல. ஆறாத உடம்புல ஊசி போட்டா வேற எதுலயாவது கொண்டு விட்டுடும்.”

“எரிச்சலுக்காவது மருந்து கேப்போமே.”

“ஆறும்போது எரியத்தான் செய்யும். நல்ல அறிகுறி.”

ஊசி என்றால் ஆறவில்லை. மருந்து என்றால் ஆறிக்கொண்டிருக்கிறது. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. இடையில் அவர் மட்டும் இரண்டு முறை பெரம்பலூர் போய் அதே ஊசியைத் தனக்குப் போட்டுக்கொண்டு வந்தார். “சேவை செய்யறவன் படுத்துடக் கூடாது பாரு.”

தெருவுக்கெல்லாம் சுகாதார யோசனை சொல்லும் அந்தச் சேவைக்காகப் பெரம்பலூர் மூத்தோர் நலச் சங்கம் அவருக்குச் ‘சுகாதாரச் சுடர்’ பட்டம் கொடுத்தது. சிறப்பு விருந்தினர் டாக்டர் பூங்குழலி. சால்வையைப் போர்த்திக்கொண்டு வேணுகோபால் மைக்கைப் பிடித்தார்.

“என் இல்லத்தரசியே ஓர் உதாரணம். ஆறாத அக்கிக்கு ஊசி போடக் கூடாது என்பதில் இரண்டாண்டுகளாக உறுதியாக நிற்கிறேன்.”

முன்வரிசையில் ஜானகி, முந்தானை விலாவில் படாமல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பூங்குழலி மேடையிலிருந்தே அவளிடம் கேட்டார்.

“கொப்புளம் எப்பம்மா காஞ்சுது?”

“ஒரு மாசத்துலயே உதுந்துடுச்சுங்க. எரியறதுதான் நிக்கல.”

“அப்ப அன்னிக்கே ஆறிடுச்சும்மா. நான் ஆறட்டும்னு சொன்னது தோலத்தான். எரிச்சல் நரம்புல இருக்கு, அதுக்காக ஊசியத் தள்ளிப்போட வேணாம். சில டாக்டருங்க ஆறு மாசம், ஒரு வருசம் விட்டுப் போடச் சொல்லுவாங்க. உங்களுக்கு அதுவும் தாண்டிடுச்சு.”

கூட்டம் வேணுகோபாலைப் பார்த்தது.

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றார் அவர். கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஜானகி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராக டாக்டரின் கிளினிக்குக்கு நடந்தாள். “இன்னிக்கே என்ன அவசரம், வூட்டுக்குப் போயி யோசிச்சு...” என்று சால்வையோடு பின்னாலேயே வந்தார் அவர். அவள் அதற்குள் கிளினிக் படியேறிவிட்டாள்.

ஊசி போட்டானதும் டாக்டரிடம் கேட்டாள். “இதுல எரிச்சல் போயிடுங்களா?”

“இது மறுபடி வர்றதக் கொறைக்கத்தாம்மா. எரிச்சலுக்குத் தனியா மாத்திரை இருக்கு. இவ்வளவு நாளா ஏன் வந்து கேக்கல?”

ஜானகி கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் மாட்டியிருந்த நரம்பு மண்டலப் படத்தை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த ஊசி ரெண்டு மாசம் கழிச்சும்மா. போன் பண்ணுவோம், நம்பர் சொல்லுங்க” என்றாள் நர்ஸ்.

வேணுகோபால் படத்திலிருந்து திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு தன் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார்.

“அது வேணாம்மா” என்றாள் ஜானகி. “எதுத்த வூட்டு நர்மதா நம்பர் தரேன், எழுதிக்குங்க. அவகிட்ட சொன்னா எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுடும்.”