தலையணை உறைக்குள் ஒரு மாத்திரை அட்டை

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். முதுகெலும்புக்குள் சீழ் பிடித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் வாய் மட்டும் ஓயவில்லை. கால் எப்படி இருக்கிறது என்று சர்ஜன் கேட்டால் "சூப்பர் டாக்டர்" என்பார். காய்ச்சலும் நின்றிருந்தது. மருந்து கேட்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர்கள் முடிவெடுத்தார்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

மறுநாள் காலை தலையணை உறையை உருவியபோது காய்ச்சல் மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. பத்தில் எட்டு காலி.

"என்னங்க இது?"

"கத்தாதடி. நர்ஸ் வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுக்குவேன். காய்ச்சல் இருந்தா முதுகை அறுத்துடுவாங்க."

"அப்போ காலு?"

"கொஞ்சம் மரத்திருக்கு. யார்கிட்டயாவது சொன்னே, உன்கூட பேசவே மாட்டேன்."

இந்த மனுஷனை என்ன செய்வது! ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பார். தன் முதுகில் கத்தி என்றால் மட்டும் தொடை நடுங்கி. எனக்கும் பயம்தான். ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால் பழி என் தலையில்தான் விழும். ஆனால் சொல்லாவிட்டால் அவருக்குக் காலே போய்விடும். விறுவிறுவென்று டாக்டர்கள் அறைக்கு நடந்தேன்.

மூன்று பேர் ஸ்கேன் படத்தின் முன்னால் நின்றிருந்தார்கள். அட்டையை மேசையில் வைத்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இன்னைக்கே சீழை எடுத்தாகணும்," என்றார் சர்ஜன்.

"எடுத்ததும் லேபுக்கு அனுப்புங்க. எந்தக் கிருமின்னு தெரிஞ்சா மருந்தை மாத்திடுறேன்," என்றார் தொற்றுநோய் டாக்டர்.

"ஆபரேஷன் முடிஞ்சு நீங்க சரின்னு சொன்னதும் நான் அவரை எழுப்பி உக்கார வைக்கிறேன்," என்றார் பிசியோதெரபி அம்மா.

ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவர் என்னைப் பார்த்து, "கோள்மூட்டி!" என்றார். அதோடு சரி. கிருமி சிக்கியது, மருந்து மாறியது, ஆறு வாரம் ஊசி ஏறியது. வார்டையே சிரிக்க வைத்தவர் என்னிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஏழாவது வாரம் பிசியோதெரபி அம்மா அவரைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார்.

"பக்கத்துலயே லிஃப்ட் இருக்கு. என் தொழிலுக்கே அவமானம்!" என்று முனகியபடி கைப்பிடியைப் பிடித்தார். மொத்தம் பன்னிரண்டு படி. ஏழாவதில் நின்றுவிட்டார். பிறகு எட்டு. ஒன்பது. பன்னிரண்டு!

கீழே நின்ற டாக்டர்கள் இருவரும் கைதட்டினார்கள். அவர் மேலிருந்து திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"ஏய் கோள்மூட்டி! அங்க என்ன வேடிக்கை? மேல வா."

இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினேன்.