பக்கமலையில் வைத்த தீ

வெடித்தது எங்கோ வடதுருவ வானில். பற்றியது செஞ்சிக்கு மேற்கே பக்கமலைக் காட்டில்!

வாசகசாலைச் செயலாளன், சமண நைனார் வீட்டுப் பிள்ளை தர்மநாதன், அறுபத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில், மலைக்குக் கிழக்கேயுள்ள ஊரின் கடைத்தெரு மேடையேறி முழங்கினான். வல்லரசுகள் வெடித்துப் பார்க்கும் அணுகுண்டின் நச்சுத்தூள் மழையோடு மண்ணுக்கு வருகிறது. இலையில் படிகிறது. இலை உதிர்ந்து சருகாகிறது. சருகு மட்கி மண்ணாகிறது. மண்ணிலிருந்து வேர் உறிஞ்ச, மீண்டும் இலைக்கே ஏறுகிறது. காளானோ அதைத் தன்னுள் சேர்த்து வைக்கிறது. வாங்கிய நஞ்சைக் காடு எளிதில் வெளியே விடுவதில்லை!

கைதட்டல் கடைத்தெருவை அதிரவைத்தது. நம் பக்கம் விழுந்தது மிகச் சிறிதளவே, அஞ்ச வேண்டாம், வெடிப்பதை நிறுத்தக் குரல் கொடுங்கள் என்று அவன் முடித்தது அந்த ஆரவாரத்தில் எவர் காதிலும் ஏறவில்லை.

பிண்ணாக்கு வணிகர் கோவிந்தராஜின் கறவைமாடுகள் இரண்டு அந்த மாதம்தான் காட்டில் மேய்ந்து வந்து செத்திருந்தன. மாட்டு வைத்தியர் அடைப்பான் நோய் என்றார். கோவிந்தராஜ் காட்டைக் கைகாட்டினார். காட்டிலிருந்து காளானும் தேனும் கொண்டுவந்து விற்கும் இருளரையும் சேர்த்தே கைகாட்டினார். அம்மை கண்ட வீட்டுப் பாயைக் கொளுத்துவது ஊர் வழக்கம். நஞ்சு கண்ட காட்டையும் கொளுத்தத் துணிந்தது ஊர்!

மறுநாள் உச்சிவெயிலில் பந்தங்களோடு கூட்டம் மலையடிவாரம் சென்றது. செய்தி கேட்ட தர்மநாதன் சைக்கிளை மிதித்து, மூச்சிரைக்கப் போய்க் குறுக்கே நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் இருளர் குடிசைகள். முதல் குடிசையில், காளான் விற்கும் வீராசாமியின் மனைவி மீனம்பாள், பிள்ளை பெற்று எழுந்து நடக்க முடியாமல் கிடந்தாள்.

"அண்ணே, அந்தத் தூளு நெருப்புல சாவாது! எரிச்சீங்கன்னா பொகையில ஏறி நம்ம ஊரு மேலயே எறங்கும்!"

"இன்னா நைனாரே, நேத்து வெஷம்னு கத்துனதும் நீ, இன்னிக்கி வேணான்றதும் நீ. நாடகமா ஆட்ற?" கோவிந்தராஜ் பந்தத்தை உயர்த்தினார். "உங்க ஊட்லதான் காளானே துன்ன மாட்டீங்களே, உனக்கு இன்னா நட்டம்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"குடிசையில பச்ச ஒடம்புக்காரி படுத்திருக்குதுங்க, மொதலாளி," என்று கைகூப்பி வந்தான் வீராசாமி.

"தூக்கினு ஓடுடா! வெஷத்த வித்தவனுக்கு வெயில் சுடுதா?"

எவனோ கல்லெறிந்தான். வீராசாமியின் நெற்றி பிளந்தது. கண்ணை மறைத்து வழிந்தது இரத்தம். சிரிப்பு நின்றது, வெறி வந்தது. கல் மேல் கல்! கூரை மேல், முதுகு மேல், கூப்பிய கை மேல்! கோவிந்தராஜ் பந்தத்தோடு சருகை நோக்கி நடந்தார்.

எறும்பை மிதிக்க அஞ்சி, வடிகட்டிய நீரையே குடிக்கும் குலத்தில் பிறந்தவன் தர்மநாதன். ஒரு கொசுவைக்கூட அடித்தறியாதவன். தரையில் கிடந்த தடியை எடுத்தான், ஓங்கினான், முழு மூச்சோடு இறக்கினான். மணிக்கட்டு முறிந்த ஓசை எல்லார்க்கும் கேட்டது.

கோவிந்தராஜின் கையிலிருந்து பந்தம் விழுந்தது. விழுந்த இடம், முழங்கால் ஆழச் சருகு!

காடு சீறி எழுந்தது. தீ மூங்கிலை வெடிக்கவைத்தது, கூரையைக் கவ்வியது. பந்தம் பிடித்த வீரர்கள் பந்தத்தைப் போட்டுவிட்டுப் பறந்தார்கள். தர்மநாதனும் வீராசாமியும் எரியும் வாசலுக்குள் புகுந்தார்கள். ஒருவன் தாயை வாரினான். ஒருவன் சேயை வாரினான். வெளியே வந்ததும் கூரை உள்ளே சரிந்தது. தர்மநாதனின் முன்கைத் தோல் உரிந்து தொங்கியது. மார்போடு அணைத்த குழந்தை இருமி, பிறகு வீறிட்டது. மீனம்பாள் கைநீட்டி அதைப் பறித்துக்கொண்டாள்.

"வீராசாமி, பொகைய இழுக்காத... துணியால மூக்க மூடு, அதுலதான் அந்தத் தூளு..."

"பேச்ச உடு நைனாரே! கொப்ப ஒடி! அடி!"

பச்சைக் கிளையால் நெருப்பின் விளிம்பை அடித்தார்கள் இருளர் எல்லாரும். அவர்களோடு அவனும் அடித்தான். மற்றக் குடிசைகள் தப்பின, மலைச்சரிவு தப்பவில்லை. தீ மேலே மேலே ஏறியது. புகை திரண்டது, மேற்குக் காற்றில் சாய்ந்து கிழக்கே நகர்ந்தது.

முறிந்த கையை மடியில் ஏந்தி, பாறையடியில் முனகிக்கொண்டிருந்த கோவிந்தராஜ் தலை நிமிர்த்தினார்.

"பொகை எந்தப் பக்கம்டா போவுது?"

"உங்க ஊட்டுப் பக்கம்தாண்ணே," என்றான் தர்மநாதன். அவன் கையிலிருந்த கிளை கருகிப்போயிற்று. வேறொன்றை ஒடித்தான்.