நிறுத்துவதும் நீக்குவதும்

பத்தாவது தடவையாக அதே வரியைத் தட்டிவிட்டு, கிருபா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஸ்டாக் இல்லை, ரெண்டு நாளைக்கு விளம்பரத்தை நிறுத்துங்க.’ பள்ளிக்கரணை சோபாக் கடைக்காரர் செவ்வாய்க்கிழமை அனுப்பிய அதே செய்தி. சோதனைக்கென்று வைத்திருந்த போலிக் கணக்கில்தான் போட்டுப் பார்த்தாள். ஏஜென்ட் சில விநாடி எடுத்துக்கொண்டது. பிறகு விளம்பரத்தை ஒரேயடியாக நீக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று பணிவாகப் பதில் எழுதியது. அவள் நோட்டில் ஒரு கோடு கிழித்தாள். பத்தில் ஆறு தடவை சரியாக நிறுத்தி வைத்திருக்கிறது. நாலு தடவை நீக்கியிருக்கிறது.

நாவலூரில் இருந்த அந்த விளம்பர நிறுவனத்தில் அவளுக்கு இது ஒன்பதாவது வருடம். கடைகளின் இணைய விளம்பரங்களைப் போடுவது, கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் அவளும் இன்னும் ஐந்து பேரும் ஒப்பந்தத்தில் பார்த்த வேலை. போன மாதம்தான் ஏஜென்ட் வந்தது. கடைக்காரர் சொல்வதைப் படித்துத் தானே செய்துவிடும் மென்பொருள். நீங்கள் மேற்பார்வை பார்த்தால் போதும் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை அது சோபாக் கடையின் இரண்டு வருட விளம்பரத்தைத் துடைத்துப் போட்டது. யார் பார்த்தார்கள், எந்தத் தெருவிலிருந்து ஆள் வந்தது என்று சேர்த்து வைத்திருந்த அத்தனையும் போயிற்று. கடைக்காரர் போனில் கத்தினார். செய்தியை ஏஜென்டிடம் கொடுத்தவள், அந்த ஐந்து பேரில் ஒருத்தியான ஸஹானா. அவள்தான் எதையோ தவறாக அழுத்தியிருக்கிறாள் என்று மேனேஜர் ஜெர்சன் முடிவு செய்து, விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“அக்கா, மெசேஜை அப்படியே காப்பி பண்ணிப் போட்டேன். வேற ஒண்ணுமே தொடலை,” என்று அவள் தாம்பரத்திலிருந்து போனில் சொன்னாள்.

கிருபா அதை நம்பினாள். அவளைக் குடைந்தது வேறு. இவ்வளவு படித்த ஒன்றுக்கு, நிறுத்தி வைப்பதற்கும் நீக்குவதற்கும் வித்தியாசம் எப்படித் தெரியாமல் போகும்?

ஏஜென்டுக்குக் கொடுத்திருந்த கருவிகளின் பட்டியலைத் திறந்தாள். செயலுக்கு ஒன்றாக மொத்தம் பதினாலு. பெயர்கள் வெறும் எழுத்தும் எண்ணும். ஒவ்வொன்றின் கீழும் அது என்ன செய்யும் என்று ஒரு வரி. கருவிக்குள் என்ன இருக்கிறதென்று ஏஜென்டுக்குத் தெரியாது. அந்த ஒரு வரியைப் படித்துத்தான் எதை எடுப்பது என்று தீர்மானிக்கிறது. ஐந்தாவதின் கீழே ‘விளம்பரத்தை நிறுத்தும்’ என்று எழுதியிருந்தது. உண்மையில் நீக்கிவிடும் பதினோராவதின் கீழேயும் அதே வரி, எழுத்து மாறாமல். கிருபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து இருக்கை ரத்தினம் திரும்பிப் பார்த்தார்.

ஐந்தாவதை அழித்துவிட்டு எழுதினாள்: ‘விளம்பரத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும். எதுவும் அழியாது, எப்போது வேண்டுமானாலும் தொடரலாம். கடைக்காரர் நாள் கணக்குச் சொன்னாலோ, இப்போதைக்கு என்றாலோ இதையே பயன்படுத்தவும்.’ பதினோராவதில், ‘நிரந்தரமாக நீக்கும். திரும்பப் பெற முடியாது. நிறுத்தச் சொன்னால் இதைத் தொடக்கூடாது,’ என்று எழுதினாள். மறுபடியும் பத்துத் தடவை. பத்தும் சரியாக வந்தது. ‘கடையை மூடிட்டோம்’ என்று போட்டுப் பார்த்தாள். இன்றைக்கு மூடியதா, அடியோடு மூடியதா? எந்த மனுஷருக்கும் அந்தச் சந்தேகம் வரும். அப்படி வந்தால் பொறுப்பாளரிடம் கேட்கவேண்டும் என்று இன்னொரு வரி சேர்த்தாள்.

பழையது, புதியது இரண்டு பட்டியலையும் அச்செடுத்து ஜெர்சனின் மேசையில் வைத்தாள். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“பழைய லைன்ஸ் நான்தான் எழுதினேன். அவசரத்துல,” என்றார்.

ஸஹானா திங்கட்கிழமை வந்தாள். யாரும் அவளிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. வராத நாட்களை அவளுடைய விடுப்பில் கழித்திருந்தார்கள்.

பதினாலு கருவிகளுக்கும் குறிப்பைப் புதிதாக எழுதும் வேலை கிருபாவிடம் வந்தது. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதும் அதே நினைப்புதான். எழுத்து தெரிந்த, ஆனால் ஒரு கடையைக்கூடக் கண்ணால் பார்த்திராத ஒருவருக்கு எப்படிச் சொல்வது? செலவு வரம்பு என்றால் நாளுக்கா, மாதத்துக்கா? எண் ரூபாயிலா, பைசாவிலா? அவளுக்கே கேட்கத் தோன்றாத கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் கண்டுபிடிக்கையில் தன் வேலையையே முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

மற்றவர்களிடமும் போய்க் கேட்டாள். ஸஹானா பண்டிகைக்கு எத்தனை நாள் முன்னால் விளம்பரத்தைக் கூட்டுவாள் என்று சொன்னாள். ரத்தினத்திடம் பதினாறு வருட அனுபவத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“மழை பேஞ்சா பள்ளிக்கரணை ரோட்ல தண்ணி நிக்கும்மா. டெலிவரி வண்டி போவாது. அன்னிக்கு அந்தப் பக்கம் ஃபர்னிச்சர் விளம்பரத்தைக் கொறைச்சுடணும். இது எந்த புக்லயும் இல்ல.”

கிருபா அதையும் எழுதினாள். அடுத்த மழை நாளில் யாரும் சொல்லாமலே ஏஜென்ட் குறைத்தது. ரத்தினத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஜெர்சன் ஆறு பேரையும் சின்ன அறைக்கு அழைத்தார். ஏஜென்ட் தொடர்ந்து எட்டு நாள் தப்பே செய்யவில்லை என்றார். கிருபாவின் குறிப்புகளை மற்றக் கிளைகளும் எடுத்துக்கொள்ளப் போகின்றன என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒப்பந்தங்கள் இந்த மாதத்தோடு முடிகின்றன, புதுப்பிக்கவில்லை என்றார்.

ரத்தினம்தான் முதலில் பேசினார்.

“மழை மேட்டரையும் அதுவே பாத்துக்குதா சார்?”

“பாத்துக்குது.”

ரத்தினம் தலையை ஆட்டினார். கிருபாவால் அவர் பக்கம் திரும்ப முடியவில்லை. மன்னிப்புக் கேட்கலாமென்று வெளியே வந்து தேடினாள். அவர் படிக்கட்டில் இறங்கிப் போயிருந்தார். ஸஹானா மட்டும் நின்றிருந்தாள். “நீங்க எழுதலைன்னா வேற யாராவது எழுதியிருப்பாங்க அக்கா,” என்றாள். அவள் சொன்னது ஆறுதலாக இல்லை.

கடைசி நாள் பிற்பகல் லேப்டாப்பை ஒப்படைக்கப் போனாள். கவுன்டரில் இருந்த சவுரிமுத்து, நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தார். திரையில் ஏஜென்டின் கேள்வி ஒன்று நின்றிருந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடை. ‘அப்பா தவறிட்டார், கடை லீவு’ என்று முதலாளி எழுதியிருக்கிறார். எத்தனை நாளைக்கு நிறுத்தி வைக்கவேண்டும், பதில் வரும்வரை பட்டுப்புடவைப் படங்களைக் காட்டலாமா என்று அது கேட்டிருந்தது. கிருபாவுக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியும். நின்றபடியே குனிந்து பதிலைத் தட்டினாள். எழுத்து விழவில்லை.

“உங்க லாகினை பன்னெண்டு மணிக்கே கட் பண்ணிட்டாங்க மேடம்,” என்றார் சவுரிமுத்து. மூடியைச் சாத்தி, எண் எழுதிய ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டி, அலமாரியில் அடுக்கியிருந்த ஐந்துக்கு மேல் ஆறாவதாக வைத்தார்.