வெள்ளைப் பின்னணிப் படம்

நண்டுக் கறியும் சோறும் தின்றுகொண்டே நான் ஒரு பெண்ணைக் கனடாவுக்குக் கூப்பிட்டேன். கையில் நண்டுக் கால், வாய் நிறையச் சோறு. குடிவரவு அமைச்சர்கூட இவ்வளவு சுலபமாக அந்த வேலையைச் செய்திருக்கமாட்டார்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை அது. என் மகள் செலீன் பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில் மலாவிக்குப் போயிருந்தாள். கிராமத்தில் ஒரு வீட்டாரோடு தங்கி, அங்குள்ள கிளினிக்கில் உதவி செய்து, அதைப் பற்றி எழுதினால் படிப்புக்குப் புள்ளி. கிளினிக் சுவருக்கு நீலப் பெயின்ற் அடிக்கிறோம் என்று படம் அனுப்பியிருந்தாள். எங்கள் கராஜ் கதவுக்கு அடிக்கச் சொல்லி நான் வருஷக்கணக்காகக் கெஞ்சுகிறேன். அதற்குப் புள்ளி கிடையாது.

வீடியோ கோலில் செலீனுக்குப் பக்கத்தில் அந்த வீட்டுப் பெண் தியாமிகே இருந்தாள். செலீனின் வயதுதான். தன் கட்டிலைச் செலீனுக்குக் கொடுத்துவிட்டுத் தாயோடு நிலத்தில் படுக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தாதிமார் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்த செய்தியையும் இரண்டு பேரும் குதித்துக் குதித்து முதல் வாரமே சொல்லியிருந்தார்கள். நான் நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வெளியே வந்தது வேறு. “நீ எனக்கு இன்னொரு மகள். கனடாவுக்கு வா. நான் ஸ்பொன்சர் பண்ணுறன். பேஸ்மென்ற் சும்மாதான் கிடக்கு.”

பேஸ்மென்ற் சும்மா கிடக்கவில்லை. அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது.

திரையில் செலீனின் முகம் அசையாமல் நின்றது. சிக்னல் இல்லை என்று நினைத்து நண்டுக்குத் திரும்பினேன்.

எங்கள் ஆட்கள் போனை வைக்கும் விதமே அதுதான். ‘ஒருக்கா வாங்கோ, வந்து நிண்டிட்டுப் போங்கோ’ என்று சொல்லாமல் வைத்தால் கோபக்காரர் என்று பெயர் வரும். பரிஸில் இருக்கும் மச்சாளை நான் கூப்பிடுவதும், அவள் என்னைக் கூப்பிடுவதும் இன்றுவரை நடக்கிறது. ஒருவரும் ரிக்கற் எடுத்ததில்லை.

சில நாள் கழித்து என் வட்ஸ்அப்புக்குத் தியாமிகே ஒரு படம் அனுப்பினாள். வெள்ளைச் சுவருக்கு முன்னால், காது இரண்டும் தெரிய, சிரிக்காமல் நின்றாள். கீழே, ‘அப்பாவுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன விஷயத்துக்காக எடுத்தது’ என்று இருந்தது. நான் அப்போது பிறம்ரனில், வேலை செய்யும் வெயர்ஹவுசில், பாரம் தூக்கும் போர்க்லிப்ற்றில் இருந்தேன். வாசித்தும் வாசிக்காமலும் ஒரு பெருவிரலைப் போட்டு, இரண்டு கும்பிடும் கைகளையும் போட்டு அனுப்பினேன். எனக்கு வருகிற எல்லாவற்றுக்கும் நான் போடுவது அதுதான். மரண அறிவித்தலுக்கும் போட்டிருக்கிறேன்.

ஓகஸ்ற்றில் செலீன் திரும்பி வந்தாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் இல்லை. களைப்பு என்றாள் என் மனைவி கிளடிஸ். மரங்கள் இலை கொட்டி முடிந்த பிறகு ஒருநாள், குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கும்போது செலீன் சொன்னாள்.

“அப்பா, தியாமிகே கொலேஜுக்குப் போகேல்ல. அவளின்ர இடத்தை வேற ஆருக்கோ குடுத்திட்டினம்.”

“ஏன்?”

“இற்ஸ் கொம்ப்ளிகேற்றட்.”

“என்னாலயோ?”

செலீன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். கிளடிஸ், “உங்கட வாய்...” என்று தொடங்கி, அதோடு நிறுத்திக்கொண்டாள். முப்பது வருஷத்தில் அவள் என்னைப் பற்றி முடிக்காமல் விட்ட முதல் வசனம் அது.

என்னிடம் ஒரு பகிடிக் கதை இருக்கிறது. கலியாண வீடுகளில் சொல்வேன். இளந்தாரியாக இருந்தபோது, ரொறொன்ரோவிலிருந்து ஒரு மாமா, ‘அடுத்த வருஷம் உன்னைக் கூப்பிடுறன்’ என்றார். நான் மன்னாரை விட்டுக் கொழும்புக்கு வந்து, ஒரு லொட்ஜில், எந்த வேலைக்கும் சேராமல், சட்டைப் பையில் பாஸ்போட் படத்தோடு காத்துக் கிடந்தேன். வருஷங்கள் போய், வேறு வழியால் வந்து சேர்ந்து, அவருடைய கதவைத் தட்டினேன். ‘அட, வந்திட்டியே!’ என்றார் மாமா. இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அன்று இரவு அதை எனக்கே சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு எங்கே வருகிறது என்று விளங்கவில்லை.

குடிவரவுக் கோப்புகள் பார்க்கும் ஒருவரைக் கோயிலில் பிடித்து விசாரித்தேன். “அவ உங்களுக்கு என்ன முறை, அல்பேட் அண்ணை?” என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார்.

றிஸ்வியும் நானும் ஒரே காரில்தான் பிறம்ரனுக்கு வேலைக்குப் போவோம். அவனிடம் கேட்டேன்.

“மச்சான், நான் வாங்கோ எண்டு சொன்ன ஆக்கள் எல்லாம் வந்திருந்தா, நான் இப்ப ஒட்டாவாவில ஒளிச்சிருப்பன்,” என்றான் றிஸ்வி.

“பகிடியை விடு. என்ர பிழையோ, இல்லையோ?”

“உது பிழையெண்டுமில்ல, சரியெண்டுமில்ல... எக்ஸிற் வருது, லேனை மாத்து.”

நவம்பரில் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். போய் வந்த மாணவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்ல, பெற்றோர் கேட்க வேண்டும். திரையில் நீலச் சுவர் வந்தது. எல்லோரும் கைகளைப் பெயின்றில் நனைத்து அதில் பதித்திருந்தார்கள். ஒரு படத்தின் ஓரத்தில் தியாமிகே பெயின்ற் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேள்வி நேரத்தில் நான் எழும்பினேன். செலீன் தலையைக் குனிந்தாள்.

“ஒரு மாணவியின் தகப்பன் அங்கே இருக்கிற பிள்ளைக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார் என்று வையுங்கள். அவள் அதை நம்பிவிட்டாள். இனி என்ன செய்வது?”

நிகழ்ச்சியை நடத்திய பெண்மணி நெஞ்சில் கைவைத்தார். “மிக ஆழமான கேள்வி. கொஞ்ச நேரம் இந்தக் கேள்வியோடு நாம் இருப்போம்.”

இருந்தோம். பிறகு சமோசா தந்தார்கள்.

வோபர்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது மழையும் பனியும் கலந்து கண்ணாடியில் அடித்தது.

“ஏன் அங்க போய்க் கேட்டனீங்கள்?” என்றாள் செலீன்.

“நீ சொல்லுறாயில்லை. வேற ஆரைக் கேக்கிறது? நீ அங்க நிக்கேக்கையே அவளிட்ட, அப்பா பகிடிக்குச் சொன்னவர் எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னனான். அவள் போனை எடுத்து உங்கட பெருவிரலைக் காட்டினவள்.”

ஆனாலும் என் மனம் விடவில்லை. தாய்க்குச் சுகமில்லாமல் இருந்திருக்கலாம், கல்லூரி தூரமாக இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, செலீனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு தியாமிகேயை அழைத்தேன். அங்கே பொழுது பட்டிருந்தது. வாசலில் ஒரு முக்காலியில் இருந்தாள். முகம் பாதிதான் தெரிந்தது.

“அப்பா! சாப்பிட்டீர்களா?” என்றாள்.

“இல்லை. இனிமேல் போனில் கதைத்து முடியும்வரை சாப்பிடுவதில்லை.”

சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடலாம் போலிருந்தது. செலீன் என் முழங்கையில் இடித்தாள்.

“மகள், என்னால் உன்னைக் கூப்பிட முடியாது. சட்டத்தில் இடமில்லை. சொல்லும்போது நான் அதை யோசிக்கவில்லை. மன்னித்துக்கொள்.”

“பரவாயில்லை, அப்பா. கடவுள் இருக்கிறார். கிளடிஸ் அம்மா சுகமா?”

“சுகம். அடுத்த வருஷம் கல்லூரியில் திரும்பக் கேட்கலாமா?”

“பார்ப்போம். அங்கே குளிரா?”

“குளிர்தான். தியாமிகே, நீ ஏன் போகவில்லை?”

“வீட்டில் நிறைய வேலை,” என்றாள். பின்னால் ஒரு கோழியை யாரோ துரத்தினார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். நான் வழக்கம்போல ஒரு பகிடிக்காக வாய்க்குள் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

“என்னாலா?” என்றேன்.

அவள் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

“ஓம், அப்பா. உங்களால்தான். கல்லூரியிலிருந்து கூப்பிட்டு, வருகிறாயா இல்லையா என்று கேட்டார்கள். கனடாவில் எனக்கு ஒரு அப்பா இருக்கிறார், நான் அங்கே போகிறேன், அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.”